வெளிநாட்டில் சோப்பு, பேஸ்ட், தீனி வாங்க: பாப்பாரப்பட்டியிலிருந்து புறப்படுவோருக்கு

சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போகிறவர், லண்டனுக்குப் படிக்கப் போகிறவர், அமெரிக்காவில் பேரக்குழந்தையைப் பார்க்கப் போகிற பாட்டி என யாராக இருந்தாலும் பெட்டி கட்டும் இரவு நம் ஊரில் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. "அங்க கிடைக்குமோ என்னமோ சாமி, இன்னும் ரெண்டு வச்சுக்கோ" என்று சோப்பும் பேஸ்ட்டும் ஷாம்பும் பவுடரும் ஏறிக்கொண்டே போகும். எடை கூடிப்போய், பெங்களூரு விமான நிலையத்தில் பெட்டியைப் பிரிக்கும்போது வெளியே வருவது என்னவோ கேழ்வரகு மாவும் புளியும்தான். இது தலைகீழ் வேலை. சோப்பு கிடைக்காத ஊர் உலகத்தில் இல்லை. நம் வீட்டில் திரித்த மாவு பக்கத்து ஊரில்கூடக் கிடைக்காது. இந்த ஒன்றை மனதில் வைத்தால் கீழே உள்ளவை எளிதாகப் பிடிபடும்.

1. குளியல் சாமான்களை முதல் வாரத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சோப்பு, சின்ன பேஸ்ட், நாலைந்து ஷாம்பு பாக்கெட், கைக்கு அடக்கமான எண்ணெய் பாட்டில் போதும். மிச்சமாகும் எடையைச் சாமை, கேழ்வரகு மாவு, இட்லிப்பொடி, கொட்டை எடுத்த புளி, வீட்டு முறுக்கு ஆகியவற்றுக்குக் கொடுங்கள். கைப்பெட்டியில் போகும் எண்ணெய், பேஸ்ட், ஷாம்பு எதுவும் ஒவ்வொன்றும் 100 மில்லியைத் தாண்டக் கூடாது. எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் பிடிக்கும், உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும். பெரிய பாட்டிலைப் பெரிய பெட்டியில் போட்டு, மூடியை டேப்பால் சுற்றிவிடுங்கள்.

2. சின்னச் சாமான்கள் சிலவற்றைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். ஸ்டீல் நாக்கு வழிப்பான், பேன் சீப்பு, ஒட்டுப்பொட்டு, ஒரு பிளாஸ்டிக் மக். மக்கை எழுதும்போது சிலர் சிரிக்கலாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான கழிவறைகளில் காகிதம்தான் இருக்கும், தண்ணீர்க் குழாய் இருக்காது. முதல் நாளே மக்கைத் தேடிக் கடை கடையாக அலைய முடியாது. வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் கைக்குழாய் இருக்கும், அங்கே போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அரப்புத்தூள், சீயக்காய்த்தூள் கொண்டு போவதென்றால் பெயர் அச்சிட்ட கடைப் பாக்கெட்டாக வாங்குங்கள். பெயரில்லாத பச்சைத் தூளைப் பாலிதீன் கவரில் முடிந்து எடுத்துப் போனால் சுங்க அதிகாரிக்கு அது என்ன என்று விளக்கிக்கொண்டு நிற்க நேரும்.

3. கசகசாவை மறந்தும் எடுத்துப் போகாதீர்கள். நம் குருமாவில் அரைத்து ஊற்றும் அதே கசகசா ஐக்கிய அரபு அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். அதனால் சிறைக்குப் போனவர்கள் உண்டு. சிங்கப்பூரிலும் அதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. முழுதாக எடுத்துப் போகாவிட்டாலும், வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கலந்திருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்குச் சூயிங்கம் 1992 முதல் கொண்டுபோக முடியாது. ஹான்ஸ் போன்ற மெல்லும் புகையிலைக்கும் அங்கே தடை. கொப்பரைத் தேங்காய் தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால் விமானப் பெட்டியில் ஏற்ற விடமாட்டார்கள். இருமல் மருந்தில் கோடீன் இருந்தாலும், வலி மாத்திரையில் டிரமடால் இருந்தாலும் வளைகுடாவில் சிக்கல். எந்த மருந்தையும் டாக்டர் சீட்டுடன் மட்டும் எடுத்துப் போங்கள். இந்த ஒரு குறிப்பை மட்டுமாவது, புறப்படும் பிள்ளைக்குப் படித்துக் காட்டுங்கள்.

4. தின்பண்டத்துக்கும் நாட்டுக்கு நாடு சட்டம் உண்டு. பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் நம் நாட்டிலிருந்து இறைச்சி, பால்கோவா, பன்னீர், நெய் கொண்டு போக முடியாது. ஆஸ்திரேலியாவில் விமானத்தில் தரும் அட்டையில், கையில் உணவு இருக்கிறது என்று குறித்துவிட வேண்டும். குறித்துவிட்டால் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது எடுத்து வைத்துக்கொள்வார்கள். மறைத்தால்தான் அபராதம். விதை, பச்சை இலை, பழம் எதையும் அங்கே முயற்சி செய்யாதீர்கள். புளியைக் கொட்டை எடுத்துக் கட்டச் சொன்னதற்கு எடை மட்டும் காரணமல்ல.

5. பற்பசை வாங்குவது நம் தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் தனியான விஷயம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்க நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகவே ஜப்பானின் ஜைக்கா நிறுவனக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் தண்ணீர் வரத் தொடங்கியது. அதற்கு முன் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பலருக்குப் பல்லில் வெள்ளைத் திட்டோ பழுப்புக் கறையோ இருக்கும். வெளிநாட்டுக் கடையில் "வெண்மை தரும்" என்று எழுதிய விலை உயர்ந்த பேஸ்ட்டை அவர்கள்தான் ஆசையாக எடுப்பார்கள். பல் உருவாகும் வயதிலேயே எனாமலுக்குள் இறங்கிய கறை அது. மேலே தேய்ப்பதால் போகாது. அதிகமாகத் தேய்த்தால் எனாமல்தான் தேயும், பல் கூசும். பணத்தைச் சேமித்து, சாதாரண பேஸ்ட்டையும் மென்மையான பிரஷ்ஷையும் வாங்குங்கள்.

பேஸ்ட் உறையில் ஃபுளோரைடு அளவு பி.பி.எம். என்று போட்டிருக்கும். இந்தியாவில் உச்சவரம்பு 1000. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் பெரியவர்கள் பேஸ்ட்டில் 1450 வரை சாதாரணம். சொத்தை வராமல் காப்பதற்கு அது நல்லதே, விழுங்காமல் துப்பினால் போதும். குழந்தைகள் விஷயத்தில்தான் கண்டிப்பு வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவு. சிங்கப்பூரில் குடிநீரிலேயே குறைந்த அளவு ஃபுளோரைடு சேர்க்கிறார்கள், ஆகவே பிள்ளைகள் பேஸ்ட்டைத் தின்பண்டம்போல விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: வெளிநாட்டில் பல் வைத்தியச் செலவு கண்ணைக் கட்டும். புறப்படுமுன் தருமபுரியிலேயே சொத்தைப் பல்லை அடைத்துக்கொண்டு போங்கள்.

6. பாக்கெட் ஷாம்பு புத்தியை மாற்றிக்கொள்ளுங்கள். பொருளைச் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழை வீட்டுக்கும் கொண்டு போகலாம் என்ற யோசனையே நம் கடலூர் சின்னி கிருஷ்ணனிடமிருந்து வந்தது. அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் ரூ.15,000 முதலீட்டில் தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பு பெட்டிக்கடைகளில்கூடச் சரமாகத் தொங்கியது. நம் ஊரில் பாட்டிலைவிடப் பாக்கெட்டே பல நேரங்களில் மில்லிக்கு மில்லி மலிவு. அதனால் "சின்னதாக வாங்கினால் லாபம்" என்று கை பழகிவிட்டது. வெளிநாட்டில் இது அப்படியே மாறிவிடும். பயணத்துக்கென்று விற்கும் குட்டி பாட்டில்தான் அங்கே மில்லிக் கணக்கில் மிக அதிக விலை. ஒருமுறை பெரிய பாட்டிலாக வாங்கிவிட்டு, சின்ன பாட்டிலில் நீங்களே ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

7. எதையும் விலையைப் பார்த்து எடுக்காதீர்கள், அளவுக்கு என்ன விலை என்று பாருங்கள். ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளின் பெரிய கடைகளில் அலமாரிச் சீட்டின் ஓரத்தில் 100 கிராமுக்கு, 100 மில்லிக்கு எவ்வளவு என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். மற்ற இடங்களில் போனில் வகுத்துப் பார்க்க அரை நிமிடம். "மூன்று வாங்கினால் தள்ளுபடி" என்ற அட்டைக்கு முன்னால் நிற்கும்போது இந்தக் கணக்கு மிகவும் உதவும்.

8. ஒவ்வொரு பொருளையும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கிற பழக்கம் முதல் மாதத்தோடு நிற்கட்டும். அப்படிப் பெருக்கிப் பெருக்கி, சோப்பு வாங்காமலும் பழம் தின்னாமலும் உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பதிலாக, இந்தப் பொருள் என் எத்தனை நிமிட வேலைக்குச் சமம் என்று கேளுங்கள். ஊருக்கு அனுப்பும் பணத்தைச் சம்பளத்தன்றே தனியாக எடுத்து வைத்துவிட்டால், மீதியில் குற்ற உணர்ச்சி இல்லாமல் வாங்கலாம்.

9. நம் கடைகள் எங்கே என்று தெரிந்து வையுங்கள். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை, தேக்கா சந்தை, சையது ஆல்வி சாலையில் முஸ்தபா சென்டர். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா. துபாயில் கராமா, மீனா பஜார், வளைகுடாவின் பெரும்பாலான ஊர்களில் லூலூ. லண்டனில் ஈஸ்ட்ஹாம், டூட்டிங், வெம்பிளி. பாரிஸில் லா ஷப்பேல். கனடாவில் ஸ்கார்பரோ. நியூஜெர்சியில் எடிசனின் ஓக் ட்ரீ சாலை. லண்டன், பாரிஸ், டொராண்டோ தமிழ்க் கடைகளில் பல, ஈழத்தமிழர் நடத்துபவை. அங்கே மிக்சர், முறுக்கு, எள்ளுருண்டை எல்லாம் கிடைக்கும். கேழ்வரகைத் தேடுகிறவர்கள் உறையில் ராகி அல்லது ஃபிங்கர் மில்லட் என்றும், சாமையை லிட்டில் மில்லட் என்றும் பாருங்கள்.

ஆனால் இந்தக் கடைகளில் மளிகையும் தீனியும் மட்டும் வாங்குங்கள். நம் ஊர் சோப்பும் பேஸ்ட்டும் அங்கே கப்பல் கூலியும் சேர்த்து விற்கப்படும். மேற்கு நாடுகளில் உள்ளூர் சூப்பர் மார்க்கெட்டின் சொந்தப் பெயர்ச் சரக்கே அதைவிட மலிவு. குளியல் சோப்பு, கைகழுவும் திரவம், பஞ்சு, சானிட்டரி நாப்கின் இவற்றுக்கெல்லாம் கடையின் சொந்தச் சரக்கைத் தைரியமாக வாங்கலாம்.

10. மாத்திரைக்கும் இதே கணக்கு. நம் ஊர் டோலோ, குரோசின் எல்லாம் பாராசிட்டமால்தான். அமெரிக்காவில் அதற்கு அசிட்டமினோஃபென் என்று பெயர். பெயரில்லாத மலிவான அட்டையும் விளம்பரத்தில் வருவதும் ஒரே மருந்து. பிரிட்டன் சூப்பர் மார்க்கெட்டில் 16 மாத்திரை அட்டை இரண்டுக்கு மேல் ஒரே நேரத்தில் தரமாட்டார்கள், அதற்காகச் சண்டை போட வேண்டாம்.

11. உறையில் நம் ஊர்ப் பெயர் இருக்கிறதே என்று நம்பி எடுக்காதீர்கள். வளைகுடாவில் விற்கும் தலை எண்ணெய்களில் பல அங்கேயே தயாராகுபவை. தேங்காய்ப் படம் இருக்கும், உள்ளே பெரும்பகுதி கனிம எண்ணெயாக இருக்கும். சேர்மானப் பட்டியலில் முதலில் வருவது எதுவோ அதுதான் அதிகம். மினரல் ஆயில், பாரஃபினம் லிக்விடம் என்று முதலில் இருந்தால் வைத்துவிட்டு, சமையலுக்கு விற்கும் தேங்காய் எண்ணெயை வாங்கித் தலைக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள். பொருளைத் திருப்பிப் பார்த்து எங்கே செய்தது என்று கேட்பது நம் ஊருக்குப் புதிதல்ல. சுதேசி இயக்கத்தில் நின்று 1908-இல் சிறைசென்ற சுப்பிரமணிய சிவா தங்கிப் பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப முனைந்ததும், 1925-இல் கண்மூடியதும் பாப்பாரப்பட்டியில்தான். குளிர்நாட்டில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும் என்பதால் வாய் அகன்ற டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள்.

12. சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க. இந்தியாவில் இருக்கும் பச்சைப் புள்ளி மற்ற நாடுகளில் கட்டாயம் இல்லை. உருளைக்கிழங்கு சிப்ஸிலேயே கோழி, மாட்டுச் சாறு சேர்த்த சுவைகள் உண்டு. ஜெல்லி மிட்டாயில் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கின் தோல், எலும்பிலிருந்து வருவது. ஹலால் முத்திரை இருந்தால் பன்றி இல்லை என்று பொருள், சைவம் என்று பொருளல்ல. சிவப்பு மிட்டாய், ஸ்ட்ராபெரித் தயிரில் இ 120 அல்லது கார்மைன் என்று இருந்தால் அது செதில் பூச்சியிலிருந்து எடுத்த நிறம். இ 471 எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். பிஸ்கட்டில் லார்ட் என்றால் பன்றிக் கொழுப்பு. "சைவ உணவினருக்கு ஏற்றது" என்ற குறி இருந்தால் இறைச்சியோ விலங்குக் கொழுப்போ இருக்காது, ஆனால் முட்டை இருக்கலாம். "வீகன்" என்ற குறி இருந்தால் கவலையில்லை.

பலரும் யோசிக்காத இடம் குளியல் சோப்பு. சேர்மானத்தில் சோடியம் டாலோவேட் என்று இருந்தால் அது விலங்குக் கொழுப்பு, பெரும்பாலும் மாட்டினுடையது. சோடியம் பாமேட் என்றால் பாமாயில். வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிற அம்மாவுக்குப் பரிசாக வாசனைச் சோப்பு வாங்கி அனுப்பும் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எழுத்து ஜெர்மன், ஜப்பான் மொழியில் இருந்தால் போன் கேமராவில் காட்டி மொழிபெயர்த்துக்கொள்ளலாம்.

13. நிலக்கடலை நமக்குச் சோறு மாதிரி. ஆனால் ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா, பிரிட்டன் நாடுகளில் பல பள்ளிகளுக்குள் கடலை கொண்டு போகக் கூடாது. கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஒரு துணுக்கு கடலை மிட்டாய் உயிருக்கே ஆபத்தாகலாம். பிள்ளையின் டப்பாவில் வைக்காதீர்கள். அலுவலகத்தில் ஊர்த் தீனியைப் பகிரும்போதும் கடலை, எள், முந்திரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

14. தீனியை வீட்டிலேயே செய்தால் பாதிச் செலவு. பச்சை நிலக்கடலையை மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்து, கிளறி, மறுபடி ஒரு நிமிடம் என்று வாசம் வரும்வரை வறுத்து ஆறவிடுங்கள், மொறுமொறுவென்று இருக்கும். எண்ணெய்ச் சட்டி வைத்துப் பொரிப்பதற்கு முன் அறையில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று பாருங்கள், மொத்தக் கட்டடமும் வெளியே வந்து நிற்க வேண்டியிருக்கும். பிரிட்டன் கடைகளில் மாலையில் ரொட்டி, பழம் போன்றவற்றுக்கு மஞ்சள் சீட்டு ஒட்டி விலை குறைப்பார்கள். சிங்கப்பூரில் பாட்டில் பானங்களுக்கு 2022 டிசம்பர் முதல் ஏ முதல் டி வரை நியூட்ரி-கிரேடு உண்டு. சி, டி என்றால் சர்க்கரையோ கொழுப்போ அதிகம். வெயிலில் வேலை செய்பவர்கள் தாகத்துக்கு அதைக் குடிக்கவே வேண்டாம்.

15. தேதியைச் சரியாகப் படியுங்கள். 05/06 என்றால் நமக்கு ஜூன் 5. அமெரிக்காவில் மே 6. "பெஸ்ட் பிஃபோர்" தேதி தாண்டினால் சுவை குறையும், அவ்வளவுதான். "யூஸ் பை" தாண்டினால் தொடாதீர்கள். கிரீம் டப்பாவில் திறந்த மூடிப் படத்துக்குள் 12 எம் என்று இருந்தால் திறந்த பிறகு 12 மாதம்.

16. முகத்தை வெளுப்பாக்கும் என்று சின்னக் கடைகளில் விற்கும், சேர்மானம் எழுதாத கிரீம்களை வாங்கவே வாங்காதீர்கள். இவற்றில் பாதரசம் கலந்தவை உண்டு, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். நம் நிறத்தில் ஒரு குறையும் இல்லை. சுர்மா வகைக் கண் மைகளில் ஈயம் இருப்பது உண்டு, அமெரிக்காவில் அதற்கு அனுமதி இல்லை. கைக்குழந்தைக்கு அதை வைக்காதீர்கள்.

17. பருவத்துக்குத் தக்கபடி வாங்குங்கள். வளைகுடாவில் ஏ.சி. காற்றும் வெயிலும் தோலை உலர்த்தும், பெட்ரோலியம் ஜெல்லி ஒரு டப்பா போதும். குளிர்நாட்டிலும் அதுவே உதட்டுக்கும் குதிகாலுக்கும் ஆகும். சிங்கப்பூர், மலேசியாவில் வியர்வை ஓயாது. உடம்பைத் துடைத்து உலர்த்துவதுதான் படை வராமல் காக்கும்.

18. அமெரிக்காவில் சீட்டில் உள்ள விலையோடு விற்பனை வரி கல்லாவில்தான் சேரும், கையில் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். சிங்கப்பூரின் 9 சதவீத வரி, அமீரகத்தின் 5 சதவீத வரி எல்லாம் சீட்டு விலையிலேயே அடக்கம். பைக்குப் பெரும்பாலான ஊர்களில் காசு. துபாயில் ஒருமுறை பயன்படுத்தும் பைகளுக்கு 2024 ஜூன் முதல் தடையே வந்துவிட்டது. தமிழக அரசு "மீண்டும் மஞ்சப்பை" என்று 2021-இல் ஊருக்குச் சொன்னது வெளியூருக்கும் பொருந்தும், இரண்டு துணிப்பை பெட்டியில் இருக்கட்டும்.

19. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். அங்கே ஒருமுறை பயன்படுத்தும் பான பாட்டிலுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை பிடிப்பார்கள். காலி பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால் திரும்ப வரும், குப்பையில் வீசாதீர்கள்.

20. சிங்கப்பூர் தங்குவிடுதியிலோ வளைகுடா கேம்ப்பிலோ இருப்பவர்கள் அறைக்காரர்களோடு சேர்ந்து வாங்குங்கள். துணித்தூள், அரிசி, எண்ணெய், கடலை எல்லாம் பெரிய மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொண்டால் பக்காலா என்கிற சின்ன மளிகைக் கடையிலோ விடுதி மினிமார்ட்டிலோ தினமும் சில்லறையாக வாங்குவதைவிட நன்றாக மிச்சமாகும். சோப்பு, சவரக் கத்தி, துண்டு மட்டும் அவரவருக்குத் தனி. சவரக் கத்தியைப் பகிர்ந்தால் மஞ்சள் காமாலைக் கிருமி ரத்தத்தின் வழியாகப் பரவும்.

21. ஊருக்குத் திரும்பும்போது கோடாலித் தைலம், வாசனைச் சோப்பு, சாக்லேட், பால்பவுடர் என்று பட்டியல் வரும். அவற்றில் பெரும்பாலானவை இன்று தருமபுரி கடைகளிலேயே இருக்கின்றன. வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பட்டியல் அனுப்புமுன் ஒருநாள் கடைவீதியில் விசாரியுங்கள், இங்கே கிடைக்காததை மட்டும் கேளுங்கள்.